ஊருக்குப் பக்கத்தில் குவாரி வருகிறதா? தாக்க மதிப்பீட்டு அறிக்கையைச் சரிபார்த்து, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தயாராவது எப்படி

எங்கள் ஊரில் கருங்கல் குவாரிக்காக இரண்டு முறை கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்துக்கு ஊரே திரண்டு போனோம். ஒருவர் பேசும்போதே இன்னொருவர் பேசினார், மைக்கைப் பிடித்தவர் அழுதார், பின்னாலிருந்து கோஷம் எழுந்தது. கடைசியில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், எங்களைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: பொதுமக்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எழுதுகிறவர் அதற்கு மேல் என்ன எழுத முடியும்?

இரண்டாவது கூட்டத்தில் ஒன்பது பேர்தான் பேசினோம். குவாரியால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று விண்ணப்பதாரர் தரும் ஆவணம்தான் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. ஒவ்வொருவர் கையிலும் அந்த அறிக்கையின் பக்க எண்ணோடு எழுதிய கேள்விகள் இருந்தன. அவை அத்தனையும் குறிப்பில் ஏறின. விண்ணப்பதாரர் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையில் நாங்கள் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் குவாரியை மனதில் வைத்து எழுதுகிறேன். தொழிற்சாலையோ வேறு பெரிய திட்டமோ வந்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

1. திட்டம் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

எல்லாத் திட்டத்துக்கும் கூட்டம் நடக்காது. இது தெரியாமல் கூட்ட அறிவிப்புக்காகக் காத்திருந்து, அனுமதி கொடுத்து முடிந்த பிறகு கேள்விப்பட்டவர்கள் உண்டு.

2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் அடிப்படை. அதற்குப் பிறகு பல திருத்தங்கள் வந்துவிட்டன. அதன்படி பெரிய திட்டங்கள் ‘ஏ’ வகை, டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம் முடிவு செய்யும். மற்றவை ‘பி’ வகை, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவு செய்யும். இந்த ‘பி’ மறுபடியும் இரண்டாகப் பிரியும். ‘பி1’ என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், விலக்கு இல்லையென்றால் மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டும். ‘பி2’ என்றால் இரண்டும் கிடையாது.

குவாரியில் கவனிக்க வேண்டியது பரப்பளவு. தனியாக 5 ஹெக்டேருக்கு உட்பட்ட குவாரி பொதுவாக ‘பி2’வில் போய்விடும். ஆனால் ஒரு குவாரியின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே கனிமத்துக்கு வேறு குவாரிகள் இருந்தால், அவற்றைத் தொகுப்பாகக் கணக்கிட வேண்டும். எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் அறிக்கையும் கூட்டமும் கட்டாயம். அடுத்தடுத்த சர்வே எண்களில் மூன்று நான்கு சின்னக் குவாரிகள் வெவ்வேறு பெயரில் விண்ணப்பித்திருந்தால், முதலில் பரப்பளவைக் கூட்டிப் பாருங்கள். இந்த 500 மீட்டர் விவரத்தை மாவட்டக் கனிமவளத் துறை உதவி இயக்குநர் கடிதமாகக் கொடுத்திருப்பார். அந்தக் கடிதம் விண்ணப்பத்தோடு இருக்கும். அதில் எந்தக் குவாரியாவது விடுபட்டிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கட்டடத் திட்டங்களில் ஒரு பொறி இருக்கிறது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும், ஆனால் கட்டடம், குடியிருப்பு நகரத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. அங்கே கூட்டத்துக்குக் காத்திருப்பது வீண். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே நேராக மாநில ஆணையத்துக்கு எழுதிவிட வேண்டும்.

2. நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். அந்த 30 நாள்தான் உங்கள் கையில் இருப்பது. முதல் முறை எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது 11 நாள்தான் பாக்கி. ஊரில் யாரும் அந்த நாளிதழ் வாங்குவதில்லை.

அதனால் அறிவிப்பை எதிர்பார்த்து இருக்காதீர்கள். தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் இணையதளத்தில் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் மாவட்டம் போட்டுத் தேடினால், அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் கண்ணில் படும். வாரம் ஒரு முறை பார்க்க ஊரில் ஒரு பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

30 நாளை நாங்கள் இப்படிப் பிரித்தோம்: முதல் ஐந்து நாள் ஆவணம் திரட்ட, அடுத்த பத்து நாள் படிக்கவும் களத்தில் சரிபார்க்கவும், அடுத்த ஏழு நாள் எழுத, மீதி எழுத்து மனுவை அனுப்பவும் பேசப் பழகவும்.

3. ஆவணங்களைத் திரட்டுங்கள்

விண்ணப்பதாரர் தரப்பிலிருந்து வேண்டியவை:

- படிவம் 1, முன் சாத்தியக்கூறு அறிக்கை
- ஆய்வு எல்லைக் கடிதம். அலுவலகங்களில் இதை ‘டிஓஆர்’ என்பார்கள். எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று ஆணையம் கொடுத்த பட்டியல் இது.
- வரைவுத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, இணைப்புகள் அனைத்தோடும்
- தமிழ்ச் சுருக்கம்
- ஒப்புதல் பெற்ற சுரங்கத் திட்டம்

வரைவு அறிக்கையும் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், சம்பந்தப்பட்ட உள்ளாட்சி அமைப்பு, மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்களை ஓர் அலுவலகத்தில் ‘தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். நாங்களும் நம்பி மனுப் போட்டோம். அங்கேதான் தவறினோம். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வரும்போது கூட்டம் முடிந்திருக்கும். இப்படிச் சொன்னால், ‘பார்வைக்கு வைக்கப்படவில்லை’ என்று தேதி போட்டு அன்றே ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடுத்த நாளே அறிக்கை மேசைக்கு வந்துவிடும். வராவிட்டாலும் அந்த ஒப்புகை பிற்பாடு உங்களுக்கு ஆதாரம்.

தகவல் உரிமை மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற ஆவணங்களுக்காக முதல் நாளே போட்டுவிடுங்கள். மனுவுக்கு 10 ரூபாய், கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய்.

அரசுப் பதிவேடுகள் வேறு வேண்டும். இங்கேதான் பெரிய பலம் இருக்கிறது. திட்டம் வரும் சர்வே எண்களுக்கும் சுற்றியுள்ளவற்றுக்கும் அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), புல வரைபடம், கிராம வரைபடம். அ-பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கிராம வரைபடத்தை விஏஓவிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு புறம்போக்கையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஓடை, வாய்க்கால், வாரி, ஏரி உள்வாய், மேய்ச்சல், வண்டிப்பாதை.

செலவு என்று பார்த்தால் நகலெடுப்பதும் போக்குவரத்தும்தான். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். பிடிஎஃப் கோப்பைப் போனில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, கேள்விக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் அச்செடுங்கள்.

4. அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள்

முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்ச் சுருக்கம் சில பக்கம்தான். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் அத்தியாயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெளியூரில் வேலை பார்ப்பவர் என ஆளுக்கு ஒன்று.

எல்லா அறிக்கையும் ஒரே சட்டகத்தில்தான் இருக்கும், மொத்தம் 12 அத்தியாயம். எங்கள் அனுபவத்தில் முக்கியமானவை நான்கு. இரண்டாவது, திட்டத்தின் விவரம்: எவ்வளவு ஆழம், எவ்வளவு கல், எவ்வளவு தண்ணீர், எத்தனை லாரி. மூன்றாவது, இப்போதைய சூழல்: காற்று, நீர், மண், மரம், விலங்கு, மக்கள். நான்காவது, என்ன பாதிப்பு வரும், எப்படிக் குறைப்பார்கள். பத்தாவது, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம், அதற்கான பணம். பன்னிரண்டாவது அத்தியாயத்தை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். அறிக்கை எழுதிய ஆலோசனை நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்கும். இப்படிப்பட்ட ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு நபெட். அந்த நிறுவனத்துக்கு நபெட் அங்கீகாரம் அந்தத் துறைக்கு இருக்கிறதா, அறிக்கை எழுதிய காலத்தில் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

அப்புறம் ஆய்வு எல்லைக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் முன்பகுதியில் ஓர் அட்டவணை இருக்கும், ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே ‘நிறைவேற்றப்பட்டது, மூன்றாம் அத்தியாயம் பார்க்க’ என்று. அந்த இடத்துக்கு உண்மையிலேயே போய்ப் பாருங்கள். கேட்டது ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகளின் நீர்மட்டம், அங்கே இருப்பது மாவட்டத்தின் நிலத்தடி நீரைப் பற்றிய பொதுப் பத்தி. எங்களுக்கு இப்படி நான்கு நிபந்தனைகள் கிடைத்தன. ஒரு வரி பேசாமல் நான்கு கேள்வி தயார்.

தேதியையும் பாருங்கள். சூழல் தரவு பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு, எடுத்ததாக இருக்கும். இறுதி விண்ணப்பம் போடும்போது அது மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

5. காகிதத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆலோசகருக்கு உங்கள் ஊர் ஒரு வரைபடம். நீங்கள் அங்கே ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் பார்த்தவர்கள். அறிக்கை சொல்வதும் தரையில் இருப்பதும் எங்கே வேறுபடுகிறது என்பதை உங்களால்தான் காட்ட முடியும்.

நீர்நிலை. எங்கள் அறிக்கையில் ‘அருகில் ஓடை எதுவும் இல்லை’ என்று இருந்தது. தரவு எடுத்தது மார்ச் முதல் மே வரை. அப்போது அங்கே மணல்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடி ஏரிக்குப் போகும். ‘நாங்கள் பார்த்திருக்கிறோம்’ என்று முதல் கூட்டத்தில் கத்தினோம், எடுபடவில்லை. இரண்டாவது முறை அ-பதிவேட்டில் ‘ஓடைப் புறம்போக்கு’ என்றிருந்த சர்வே எண்ணையும், மழைக்காலத்தில் எடுத்த தேதி போட்ட படத்தையும் சேர்த்து வைத்தோம். அதற்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. மழை பெய்யும்போது படம் எடுத்து வைக்கும் பழக்கம் ஊருக்கு வேண்டும். இடக்குறியீடும் தேதியும் படத்திலேயே பதியும் கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

கிணறு. ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறுகளையும் போர்வெல்களையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உரிமையாளர், சர்வே எண், ஆழம், இன்று தண்ணீர் எத்தனை அடியில், கோடையில் எத்தனை அடியில், எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம் வரை அளந்தால் போதும். பிறகு அறிக்கையில் குவாரியின் கடைசி ஆழத்தைப் பாருங்கள். குவாரி தரைமட்டத்திலிருந்து 40 மீட்டர் இறங்கும், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் 15 மீட்டரில் நிற்கிறது என்றால், ‘நிலத்தடி நீரோடு குறுக்கீடு இல்லை’ என்ற வரி எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். தண்ணீரின் தரத்தையும் இப்போதே பரிசோதித்து வையுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் உள்ளன, கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். நாளைக்குக் கிணறு கெட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

வீடுகள். குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்பது 1959ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் உள்ளது. விண்ணப்பத்தோடு விஏஓ சான்று ஒன்று இருக்கும். அதையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடுங்கள். தூரத்தைக் குவாரியின் எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும், நடுவிலிருந்து அல்ல. சான்று தேதிக்குப் பிறகு கட்டிய வீடு, கோழிப்பண்ணை, கோயில், பள்ளிக் கட்டடம் எல்லாவற்றையும் படத்தோடு பட்டியலிடுங்கள்.

காற்றும் சத்தமும். நுண்துகள்களுக்குத் தேசியத் தரம் இருக்கிறது: பிஎம்10 என்றால் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம், பிஎம்2.5 என்றால் 60. குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அறிக்கையில் எல்லா இடத்திலும் அளவு தரத்துக்குள்தான் இருக்கும். எண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். அளவீடு எங்கே எடுத்தார்கள் என்று கேளுங்கள். எங்கள் அறிக்கையில், ஏற்கெனவே கிரஷர் ஓடும் திசையில் ஒரு இடம்கூட அளக்கவில்லை. லாரி போகும் சாலையோரப் பள்ளிக்கூடத்திலும் அளக்கவில்லை. அளவீட்டுக் கருவியை எங்கே வைத்தீர்கள், எந்த நாட்களில் வைத்தீர்கள் என்று கேட்டால் ஆலோசகர் தாளைப் புரட்டியாக வேண்டும்.

மரம், பறவை, விலங்கு. அந்தப் பட்டியலைக் கண்டிப்பாக ஆடு மாடு மேய்ப்பவரிடம் படித்துக் காட்டுங்கள். இந்த வட்டாரத்திலேயே இல்லாத மரம் அதில் இருக்கும், தினமும் பார்க்கும் மயில் இருக்காது. வேறு மாவட்டத்து அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய பகுதிகள் இந்த இடத்தில்தான் வெளிப்படும். சில சமயம் வேறு ஊரின் பெயரே நின்றுபோயிருக்கும். இதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். 2006 அறிவிக்கையின் 8ஆம் பத்தியில், வேண்டுமென்றே தகவலை மறைத்தாலோ பொய்யான, தவறாக வழிநடத்தும் தரவு கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று இருக்கிறது.

6. லாரிக் கணக்கை நீங்களே போடுங்கள்

இந்தக் கணக்கு ஒன்றுக்கே ஊரில் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். எடுத்துக்காட்டுக்கு, ஐந்து ஆண்டில் 6,00,000 கன மீட்டர் கல் எடுப்பதாக அறிக்கை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 400 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன், ஆக 1,040 டன். ஒரு லோடு 20 டன் என்றால் 52 நடை. போக வர 104 முறை. வேலை நேரம் பத்து மணி நேரம் என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு டிப்பர் உங்கள் தெரு வழியாகப் போகும்.

இப்போது அறிக்கையின் போக்குவரத்துப் பகுதியைத் திறந்து, அங்கே எத்தனை நடை என்று பாருங்கள். எங்கள் அறிக்கையில் உற்பத்திக் கணக்குக்கும் நடைக் கணக்குக்கும் பாதிக்குப் பாதி இடைவெளி இருந்தது. சாலையின் அகலம், பள்ளி விடும் நேரம், தண்ணீர்க் குழாய் சாலைக்கு அடியில் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்போம் என்பார்கள். அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, நாளைக்கு எத்தனை லிட்டர் என்பது உடனே கேட்க வேண்டிய கேள்வி.

7. எழுத்து மனுதான் முதுகெலும்பு

கூட்டத்தில் பேசுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மைக் கிடைக்காமல் போகலாம், பதற்றத்தில் மறந்துபோகலாம், மழை வரலாம். மனு மாசு கட்டுப்பாடு வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அது கோப்பில் இருக்கும். வெளியூரில் இருப்பவர்களும் திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவில் நியாயமான அக்கறை உள்ளவர்களும்கூட எழுதலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் வைத்த வடிவம் இது:

‘அத்தியாயம் 3, பக்கம் 87: 500 மீட்டருக்குள் நீர்நிலை இல்லை என்று உள்ளது. கிராம அ-பதிவேட்டின்படி இந்தச் சர்வே எண் ஓடைப் புறம்போக்கு. திட்ட எல்லையிலிருந்து 140 மீட்டர். ஆதாரம்: இணைப்பு 2, 3. இந்த ஓடைக்கு வரும் தாக்கம் ஏன் மதிப்பிடப்படவில்லை? மழைக்காலத்தில் மறு ஆய்வு செய்ய வேண்டும்.’

பக்கம், அறிக்கை சொல்வது, உண்மை நிலை, ஆதாரம், கோரிக்கை. ஒரு கேள்விக்கு ஐந்தாறு வரி போதும். ஒரே மனுவில் ஐந்நூறு கையெழுத்து வாங்குவதைவிட, கிணறு உள்ளவர் கிணற்றைப் பற்றியும் பள்ளிப் பெற்றோர் லாரியைப் பற்றியும் தனித்தனியாக எழுதுவது நல்லது. ஒரே வாசகத்தைப் பலர் பெயரில் நகலெடுத்தால் அதற்கு ஒரே பதில்தான் வரும்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட், டெலிவரி ஆன விவரத்தை அச்செடுத்து வையுங்கள். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஆட்சியர், மாநில ஆணையம் மூன்று பேருக்கும் அனுப்புங்கள்.

இடையில் கிராம சபை வந்தால் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அந்தத் தீர்மானத்தால் மட்டும் அனுமதி நின்றுவிடாது. ஆனாலும் இணைப்பாக வைக்கும்போது எடை கூடும்.

8. கூட்ட நாள்

ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். வந்த ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தர வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்று எந்தக் கணக்கும் இல்லை.

மக்கள் அதிகம் ஏமாறும் இடங்களைச் சொல்கிறேன். கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. பஸ் வைத்து ஆள் கூட்டி வந்து ‘ஆதரிக்கிறோம்’ என்று நூறு பேர் சொன்னாலும், நீங்கள் இருநூறு பேர் ‘எதிர்க்கிறோம்’ என்றாலும், தலையை எண்ணி முடிவு செய்வதில்லை. எந்தக் கேள்வி பதிவானது, அதற்கு என்ன பதில் என்பதுதான் மேலே போகும்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் சம்மதம் ஆகிவிடும் என்று எங்கள் ஊரில் பலர் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். வருகைப் பதிவு வருகைக்கு மட்டும்தான். தாளின் தலைப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளிலோ வேறு தலைப்புள்ள தாளிலோ போடாதீர்கள்.

கூட்டத்தைப் புறக்கணிப்பது, நடக்கவிடாமல் செய்வது பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு: வேண்டாம். கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லும் சூழல் உள்ளூரில் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே இல்லாமல் மேற்கொண்டு போக ஆணையம் முடிவெடுக்க அறிவிக்கையில் இடமிருக்கிறது. கோபத்தில் அந்த வாய்ப்பை நாமே இழந்துவிடக் கூடாது.

பேசும்போது பெயர், ஊர் சொல்லுங்கள், பிறகு பக்க எண், கேள்வி. இரண்டு நிமிடம் போதும். ‘இது நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும்’ என்று முடியுங்கள். விண்ணப்பதாரர் சாலை போட்டுத் தருவோம், தண்ணீர் தருவோம் என்று வாக்குக் கொடுத்தால், எவ்வளவு பணம், எந்த ஆண்டுக்குள் என்று கேட்டு, அது பத்தாம் அத்தியாயத்தின் பட்ஜெட்டில் ஏற வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசி வரை இருங்கள். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும், அன்றைக்கே தலைமை தாங்கியவர் கையெழுத்திட வேண்டும். முதல் கூட்டத்தில் நாங்கள் பேசி முடித்ததும் கிளம்பிவிட்டோம், வாசித்தபோது அங்கே எங்கள் ஆள் யாருமே இல்லை. இரண்டாவது முறை ஆறு பேர் நோட்டோடு உட்கார்ந்திருந்தோம். விடுபட்ட இரண்டு கேள்விகளை அங்கேயே சொல்லிச் சேர்த்தோம்.

9. கூட்டத்துக்குப் பிறகு

எட்டு நாளுக்குள் குறிப்பு ஆணையத்துக்குப் போக வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலும் வரும், இறக்கி வையுங்கள். விண்ணப்பதாரர் மக்கள் எழுப்பிய விஷயங்களுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கையைக் கொடுப்பார். பிறகு மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு 60 நாளுக்குள் பரிந்துரைக்க வேண்டும், ஆணையம் அடுத்த 45 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் பெரும்பாலானோர் ஓய்ந்துவிடுகிறார்கள். நிபுணர் குழுவின் கூட்டத்துக்கு விண்ணப்பதாரரைத்தான் அழைப்பார்கள், நம்மை அல்ல. ஆனால் எழுதலாம். பரிவேஷ் தளத்தில் குழுவின் நிகழ்ச்சி நிரல் வரும். உங்கள் கோப்பு வரும் தேதிக்கு முன்பே, ‘கேள்வி 4, 7, 11க்கு இறுதி அறிக்கையிலும் பதில் இல்லை’ என்று இரண்டு பக்கக் கடிதம் அனுப்புங்கள். எங்கள் விஷயத்தில் அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் ஓடைக்கு இடைவெளி விடுவதும், பள்ளி நேரத்தில் லாரி ஓட்டாமல் இருப்பதும் நிபந்தனையாக வந்தன. குவாரி வரவே கூடாது என்று நினைத்தவர்களுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். ஆனாலும் அந்த நிபந்தனைகள் இன்று பிடித்துக்கொள்ளக் கையில் இருக்கின்றன.

10. அனுமதி வந்துவிட்டால்

அனுமதி கிடைத்த செய்தியை விண்ணப்பதாரர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும், ஒன்று தமிழில். நகலை ஊராட்சிக்கும் கொடுக்க வேண்டும்.

மேல்முறையீடு செய்வதென்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் செலவு தனி. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேளுங்கள். அங்கே முதலில் கேட்பது ஒப்புகை முத்திரை உள்ள உங்கள் எழுத்து மனுவையும் கூட்டக் குறிப்பையும்தான்.

மேல்முறையீடு செய்யாவிட்டாலும் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். அவை நிறைவேற்றப்பட்டனவா என்று விண்ணப்பதாரர் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், அறிக்கை தர வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அறிக்கை வந்த வாரமே நாங்கள் கிணற்று நோட்டை எடுத்துக்கொண்டு அதே கிணறுகளை மறுபடி அளக்கப் போகிறோம்.